உந்துபொறி எவருடையது?

(தாம்பரத்தில் தமிழன்பர்கள் கூடிய அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



2018-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாளைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி வழக்கில் உச்சநயன்மன்றம் அவ்வாண்டு பிப்பிரவரி 16-இல் தீர்ப்புரைத்து, ஆறு கிழமைக்குள் செயல்திட்டம் வகுக்குமாறு நடுவணரசைப் பணித்திருந்தது. மார்ச்சு 29-இல் கெடு முடிந்தது; திட்டம் வந்தபாடில்லை. தமிழகத் தெருக்களில் கறுப்புக் கொடிகள் எழுந்தன. கறுப்புப் பலூன்கள் வானேறின. அந்நாளில் மீனம்பாக்கத்தில் வந்திறங்கிய தலைமையமைச்சர், உலங்கூர்தியில் ஏறிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள திருவிடந்தையை அடைந்தார். அங்கு அவர் திறந்து வைத்தது படைக்கருவிக் கண்காட்சி.

கொடியைப் பார்த்தோர் பலர். கண்காட்சியில் என்ன விலைபேசப்பட்டது என்று பார்த்தோர் சிலரே. அதற்கு ஆறு நாள் முன்னர்த்தான், ஏப்பிரல் 6-இல், 110 போர் வானூர்திகளை வாங்க விரும்புவதாகவும், செய்து தரவல்லோர் விளக்கம் தருக எனவும் உலக வானூர்தி நிறுவனங்களுக்கு நடுவணரசு அறிவிப்பு விடுத்திருந்தது. திருவிடந்தை மேடையில் தலைமையமைச்சர் அதனைக் குறிப்பிட்டு, பயனொன்றும் விளையாமல் பத்தாண்டுகளைப் பேச்சிலேயே கழிக்க விரும்பவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அதே நாளில் அமெரிக்காவின் போயிங் நிறுவனம், இந்துத்தான் வானூர்தி நிறுவனத்தோடும் மகிந்திராவோடும் கைகோத்துத் தன் எஃப்/ஏ-18 வானூர்தியை இங்கேயே கட்டித் தருவதாக அறிவித்தது. 2025-ஆம் ஆண்டு முடியும் வரையிலும் அந்த 110-இல் ஒன்றுக்கேனும் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. பத்தாண்டு நிறைய இன்னும் சில ஆண்டுகள் எஞ்சியுள்ளன என்று ஆறுதல் கொள்வார் கொள்க!

தமிழன்பர் அவையில் போர் வானூர்திக்கு என்ன வேலை என வினவுவாரும் இருப்பர். போரை விரும்பியோ, ஒரு நாட்டின்மேல் பகைமூட்டவோ இப்பேச்சு எழவில்லை. உப்புக்கும் துணிக்கும் உழைப்பாளி செலுத்தும் வரியிலிருந்து எடுத்துச் செலவிடப்பெறும் மிகப்பெரிய தொகைகளுள் ஒன்று இதற்காகச் செல்கிறது. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கத்து வீடுகளின் கூரைக்கு மேலேதான் வான்படைப் பயிற்சி வானூர்திகள் பறக்கின்றன. இவ்வட்டாரத்துப் பிள்ளைகளும் அப்படையில் வலவராகவும் வினைஞராகவும் சேர்கின்றனர். இவை ஒருபுறம் இருக்க, வாங்குவதற்கும் வனைவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

முதற்போட்டியின் கதையைச் சிறிது விரிவாகவே காணல் வேண்டும். 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரில் பிரான்சு நாட்டு மிராசு-2000 வானூர்திகள் நன்கு பணியாற்றின. அவற்றின் மேம்பட்ட வகையில் 126 வேண்டுமென வான்படை கேட்டது. ஒரே நிறுவனத்திடம் கேட்டு வாங்குவது முறையன்று, போட்டி வைத்தே வாங்கல் வேண்டும் என்று அரசு கருதியது. கருத்தில் பிழையில்லை. ஆனால் அக்கருத்து அறிவிப்பாக வெளிவருமுன் ஆண்டுகள் உருண்டன. வாங்குவோர் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே மிராசு செய்த பட்டறையைப் பிரான்சுக்காரர் மூடிவிட்டனர்! 2007-ஆம் ஆண்டு ஆகட்டு 28-இல்தான், 211 பக்கங்கள் கொண்ட விலைப்புள்ளி வேண்டுகை வெளியாயிற்று. அன்று மதிப்பிட்ட தொகை 42,000 கோடி உருபா.

அறுவர் வந்தனர். அமெரிக்காவிலிருந்து எஃப்-16, எஃப்/ஏ-18 என இரண்டு, உருசியாவின் மிக்-35, சுவீடனின் கிரிப்பன், பிரான்சின் இரபேல், பிரித்தானியா, செருமனி, இத்தாலி, இசுபெயின் ஆகிய நான்கு நாடுகள் கூடிக் கட்டிய தைபூன். 126-இல் 18 வானூர்திகள் முடித்த நிலையில் வரவேண்டும். எஞ்சிய 108 பெங்களூர் இந்துத்தான் வானூர்தி நிறுவனத்தில் கட்டப்பெறல் வேண்டும். ஒப்பந்தத் தொகையில் பாதியளவுக்கு வென்ற நிறுவனம் இந்நாட்டில் தொழில் முதலீடோ கொள்முதலோ செய்தல் வேண்டும். வாங்கும் விலையை மட்டுமன்றி, பறக்கும் காலம் முழுமைக்கும் ஆகும் எரிபொருள், பழுதுபார்ப்பு, உதிரி உறுப்புச் செலவுகளையும் கூட்டியே குறைந்த விலை எதுவெனக் காணல் வேண்டும். இவையெல்லாம் நல்ல நெறிகளே. தாளில் படிக்க அழகாகவே இருந்தன.

ஆய்வும் குறைவுபட நடந்ததென்று கூற இயலாது. பெங்களூரின் ஈர வெம்மையிலும், செய்சல்மேரின் பாலை வெயிலிலும், காற்று அருகிய இலே நகரின் உயரத்திலும் ஆறு வானூர்திகளும் ஏற்றி இறக்கிப் பார்க்கப்பட்டன. 643 கூறுகளில் ஒவ்வொன்றும் அளந்து குறிக்கப்பெற்றது. உலகில் எந்த வான்படையும் ஒரே காலத்தில் இத்தனை வானூர்திகளை இவ்வளவு நுணுகி ஓட்டிப் பார்த்ததில்லை எனப் புகழ்ந்தோரும் உண்டு. 2011 ஏப்பிரலில் நான்கு கழிக்கப்பட்டு, இரபேலும் தைபூனும் எஞ்சின. அமெரிக்கத் தூதர் தம் ஆழ்ந்த ஏமாற்றத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். 2012 சனவரி 31-இல் இரபேல் குறைந்த விலையென அறிவிக்கப்பட்டது. ஊருக்கெல்லாம் தெரிய வெற்றி பெற்றவன் வந்துவிட்டான்; மணவோலை மட்டும் எழுதப்படவில்லை!

ஏன் எழுதப்படவில்லை? இங்கேதான் கருத்தூன்றல் வேண்டும். பெங்களூரில் கட்டப்படும் 108 வானூர்திகளுக்கும் தானே முழுப் பொறுப்புறுதி தரவியலாது என்று பிரான்சின் தசோ நிறுவனம் கைவிரித்தது. ஒரு வானூர்தியைக் கட்டத் தன் ஊரில் ஆகும் உழைப்பு நேரத்தைப்போல் பெங்களூரில் 2.7 மடங்கு ஆகும் என்ற கணக்கும் எழுந்தது. அவ்வாறாயின் குறைந்த விலை என்று கண்டதே ஆட்டங்கண்டது. மூன்றாண்டுப் பேச்சு இவ்விரண்டு முடிச்சுகளிலேயே சிக்கி நின்றது. 2015 ஏப்பிரல் 10-இல் பாரிசு நகரில், 36 இரபேல்கள் முடித்த நிலையிலேயே நேரடியாக வாங்கப்பெறும் என்று தலைமையமைச்சர் அறிவித்தார். அவ்வாண்டு சூனில் 126-க்கான வேண்டுகை முறைப்படி திரும்பப் பெறப்பட்டது. 2016 செப்டம்பர் 23-இல் ஒப்பந்தம். தொகை ஏறத்தாழ 787 கோடி யூரோ, அஃதாவது 59,000 கோடி உருபா அளவு. விலை பற்றியும் பங்காளி நிறுவனம் பற்றியும் எழுந்த வழக்குகளை 2018 திசம்பர் 14-இல் உச்சநயன்மன்றம் தள்ளியது. மறு ஆய்வு வேண்டியோரையும் அடுத்த ஆண்டு நவம்பரில் திருப்பியனுப்பியது. 2020 சூலை 29-இல் முதல் ஐந்து வானூர்திகள் அம்பாலாவில் இறங்கின.

கட்சிக்காரர் இக்கதையில் கையூட்டு உண்டா இல்லையா என்பதையே ஆண்டுக்கணக்கில் பேசினர். அவ்வழக்கை அவர்களுக்கே விட்டுவிடலாம். 126 கேட்டு 36 வாங்கியதில், கட்டும் கலையை இங்கே கொணர்வோம் என்ற அந்த 108 எங்கே போயிற்று என்று கேட்டவர் மிகச் சிலர். முடித்த வானூர்தி விலைக்குக் கிடைத்தது. முடிக்கும் அறிவு கிடைக்கவில்லை. விற்பவன் பொருளை விற்பான். தன் பட்டறையை விற்பானா?

இத்துணைக் காலமும் வான்படை எதனைக்கொண்டு பறந்தது? 1963-இல் வந்து சேர்ந்த உருசிய மிக்-21 வகையைக்கொண்டே. அவற்றுக்கு மாற்றாகத்தான் புதியன தேடப்பட்டன. தேடல் நீள நீள, மூத்தவை ஓய்வின்றிப் பறந்தன. 2012-இல் அன்றைய படைத்துறை அமைச்சர் மாநிலங்களவையில் தந்த விடையை நினைவுகூர்தல் வேண்டும். வாங்கப்பெற்ற 872 மிக் வானூர்திகளுள் 482 நேர்ச்சிகளில் அழிந்தன. 171 வலவர்களும், படையினர் பிறர் எண்மரும், தரையில் நின்ற பொதுமக்கள் 39 பேரும் உயிரிழந்தனர். பகைவன் சுட்டு வீழ்த்திய கணக்கன்று இது. அமைதிக் காலத்துக் கணக்கு. மிக்-21 இறுதியாக விடைபெற்றது 2025 செப்டம்பர் 26-இல். அந்நாளில் 42 அணிகள் இருக்கவேண்டிய வான்படையில் 29 அணிகளே எஞ்சின. போட்டி முறையின் காலநீட்டிப்பு என்பதனை அலுவலகத்துச் சோம்பல் என்று மட்டும் எண்ணுவார், அந்த 171 இல்லங்களின் வாயிலில் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாம்பரத்தாருக்கு இத்துயர் செவிவழிச் செய்தியன்று. 2016 சூலை 22-ஆம் நாள் காலை இங்கிருந்து அந்தமானின் போர்ட்டு பிளேயருக்குப் புறப்பட்ட ஆன்-32 சுமைவானூர்தி 29 பேருடன் வங்கக் கடலின் மேல் மறைந்தது. ஏழரை ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் நீர்மூழ்கு கருவி, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைந்த பகுதிகளைக் கண்டது. இதனை 2024 சனவரியில் அரசு அறிவித்தது. அந்நேர்ச்சிக்கு இதுதான் கரணியம் என்று கூறுதல் முறையன்று. ஆயினும் அவ்வகை வானூர்தி உக்கிரைனின் கீவ் நகரத்தது என்பதும், 2009-இல் அந்நாட்டோடு செய்துகொண்ட புதுப்பிப்பு ஒப்பந்தப் பணி, 2014-இல் உக்கிரைனுக்கும் உருசியாவுக்கும் பகை மூண்டபின் உறுப்புகள் வாராமல் இடர்ப்பட்டது என்பதும் அறியத்தக்கன. எங்கோ இருவர் சண்டையிட்டால் கான்பூர்ப் பட்டறையில் சுத்தியல் நின்றுபோகிறது!

அப்படியானால் இந்நாட்டார்க்கு வானூர்தி வனையவே தெரியாதா? தெரியும். தெரிந்திருந்ததற்குச் சான்று இங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், குரோம்பேட்டையில் நிற்கிறது.

சி. இராசம் என்னும் பெருந்தகையார் தம் மாளிகையை விற்றுக் கிடைத்த ஐந்து இலக்கம் உருபாவை முதலாக இட்டு, 1949-இல் சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தைத் தொடங்கினார். ஏனைய கல்லூரிகள் கட்டடமும் மின்சாரமும் கற்பித்துக்கொண்டிருந்த அக்காலத்தில், வானூர்தியியல், தானியங்கியியல், மின்னணுவியல், கருவியியல் என நான்கு புதுத்துறைகளை அங்கு நிறுவினார். வானூர்தித் துறைக்குச் செருமனியரான வால்தர் இரெப்பெந்தின் தலைவராக இருந்தார். இரண்டாம் உலகப்போரில் புகழ்பெற்ற போக்கு-உல்ப் 190 என்னும் போர் வானூர்தியை வடிவமைத்த குர்த் தாங்க் அங்குக் கற்பித்தார். அங்கு மாணவராயிருந்த அப்துல் கலாம் தம் தன்வரலாற்று நூலில் இவர்களைக் குறிப்பிடுகிறார். தாழப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வரையுமாறு தமக்கும் உடன்பயின்றோர்க்கும் பணி தரப்பட்டதையும், பணி பின்தங்கியபோது மூன்றே நாளில் முடிக்கவேண்டும், இன்றேல் உதவித்தொகை நிற்கும் என்று பேராசிரியர் சீனிவாசன் கண்டித்ததையும், உண்ணாமல் உறங்காமல் வரைந்து முடித்ததையும் அந்நூலில் காணலாம். குரோம் தோல் பதனிட்ட ஆலையால் பெயர்பெற்ற ஓர் ஊரில், இராமேசுவரத்து ஏழை மாணவர் ஒருவர் போர் வானூர்தியை வரைந்துகொண்டிருந்தார் என்பது எண்ண எண்ண இனிக்கும் செய்தி.

அந்தக் குர்த் தாங்க்தான் பெங்களூர் சென்று, இந்நாட்டின் முதற் போர்த் தாரை வானூர்தியான மாருத்தை உருவாக்கினார். (பெயர் வடசொல். காற்று என்று தமிழில் இட்டிருந்தால் பறந்திராதோ? அது கிடக்க!) 1961 சூன் 17-இல் அது முதன்முதல் வானேறியது. ஆசியாவில் சோவியத்து நாட்டுக்கு வெளியே அத்தகைய வானூர்தி அதற்குமுன் உருவானதில்லை என்பர். மொத்தம் 147 செய்யப்பெற்றன. 1971-ஆம் ஆண்டுப் போரில் மேற்கெல்லைப் பாலைநிலத்தில் அவை பணியாற்றின. உடற்கட்டில் எவரும் குறைகாணவில்லை. தடுமாறியது உந்துபொறியில்.

ஒலியின் இருமடங்கு விரைவு என்பதே தாங்க் வைத்த குறி. அதற்கேற்ற பொறியைப் பிரித்தானியர் உருவாக்கிக்கொண்டிருந்தனர். தமக்கு அது வேண்டாமென்று இடையில் நிறுத்திவிட்டனர். உருவாக்கச் செலவை இந்திய அரசு ஏற்றால் தொடர்வதாகக் கூறினர். அரசு ஏற்கவில்லை. எகிப்து நாடு செய்துகொண்டிருந்த பொறி ஒன்றைப் பொருத்திப் பார்த்தனர். அதுவும் 1960-களின் இறுதியில் கைகூடாமல் போயிற்று. எனவே, கையிலிருந்த சிறிய ஆர்பியசுப் பொறிகள் இரண்டைப் பூட்டியே மாருத்து பறந்தது. ஒலியின் விரைவை எட்டுவதே அதற்கு அரிதாயிற்று. 1980-களில் படிப்படியாக அது விலக்கப்பட்டது. அன்று சில கோடிகளுக்குக் கணக்குப் பார்த்தவர், பின்னாளில் ஆயிரமாயிரம் கோடிகளைக் கணக்குப் பாராமல் அயலார்க்குத் தந்தனர்.

உந்துபொறி ஏன் இத்துணை அரிது என்பதனையும் அறிதல் நலம். வானூர்தியின் முன்வாயில் புகும் காற்று அமுக்கப்பெற்று, எரியறையில் எரிபொருளோடு எரிந்து, பின்வழியே சீறி வெளிப்படும்போது சுழலியின் இதழ்களைச் சுழற்றிச் செல்கிறது. அச்சுழலியே முன்னுள்ள அமுக்கியை இயக்குகிறது. இதுவரை பள்ளி மாணவனும் விளங்கிக்கொள்வான். ஆனால் அவ்விதழ் ஒரு கைவிரல் அளவினது; அதன்மேல் மோதும் வளியின் வெம்மையோ, இதழ் செய்யப்பெற்ற மாழை உருகும் வெம்மையினும் மிகுதி! அடுப்பிலிட்ட வெண்ணெய் உருகாமல் நிற்பதுடன், நிமையத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலவும் வேண்டும் என்பது போன்றது இது. அதற்கெனவே அவ்விதழைத் துகள்துகளாய்ப் பிணையாத ஒற்றைப் படிகமாக வார்க்கின்றனர். அதனுள்ளே மயிர்த்துளைகள் வைத்துக் குளிர்காற்றைச் செலுத்துகின்றனர். மேலே வெம்மை தாங்கும் சுட்டமண் பூச்சுப் பூசுகின்றனர். இவ்வார்ப்பின் கைப்பாங்கு ஏட்டில் இல்லை. பல்லாண்டு வார்த்து, உடைத்து, மீண்டும் வார்த்தோர் கையில் உள்ளது. அதனைக் கைவரப் பெற்ற நாடுகளை ஒருகை விரல்களால் எண்ணிவிடலாம்.

கொடுமணலில் உருக்கு வார்த்த குடி தமிழ்க்குடி என்று மேடைதோறும் முழங்குகின்றோர் உளர். அது மெய்யான பெருமையே. அகழ்வாய்வு காட்டிய உண்மையே. ஆயினும், அன்று உலை ஊதியவன் பேரன் இன்று உலைப்பக்கம் செல்லாமல் பெருமையை மட்டும் ஊதிக்கொண்டிருந்தால், சுழலி இதழ் வார்ப்பாகிவிடாது. பெருமை பேசும் நேரத்தில் பாதியையேனும் உலைக்களத்துக்குத் தருதல் வேண்டும்.

தில்லி அரசு முயன்றதே இல்லை என்பதும் பொய். 1983-இல் தொடங்கிய இலகு போர் வானூர்தித் திட்டத்திற்காக, 1989-இல் 383 கோடி உருபா அளவில் ஒதுக்கிப் பெங்களூரில் உந்துபொறிப் பணி தொடங்கப்பெற்றது. அப்பொறிக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? காவிரி! ஆற்றைத் தர மனமில்லாதவிடத்தும் பெயரையாவது பொறிக்குத் தந்தார்கள். அந்தக் காவிரியும் உரிய காலத்தில் கடைமடை வந்து சேரவில்லை. வேண்டிய உந்துவிசையைப் பொறி எட்டவில்லை, எடையும் மிகுந்தது. 2008-இல் அதனை வானூர்தித் திட்டத்தினின்று பிரித்தெடுத்தனர். அறிவியலறிஞர்களைக் குறைகூறுவது எளிது. உயரத்தில் வைத்து ஆய்வதற்குரிய பறக்கும் ஆய்வுக்கூடம் இந்நாட்டில் இன்மையால், பொறியை உருசியாவுக்குச் சுமந்து சென்று 2010-இல் ஆய்ந்தனர் என்பதனையும் எண்ணல் வேண்டும். அறுவரை அழைத்து 643 கூறுகளை அளக்கப் பணமும் ஆளும் காலமும் கிடைத்த நாட்டில், ஒரு பொறியை அளக்க நிலையான ஆய்வுக்களம் கிடைக்கவில்லை.

விளைவு, அத்திட்டத்தில் பிறந்த தேசசு வானூர்தி அமெரிக்கப் பொறியைப் பூட்டிக்கொண்டு 2001 சனவரி 4-இல் பறந்தது. அதற்கு முன்னரே 1998-ஆம் ஆண்டு அணுவெடிப்பு ஆய்வுக்குப்பின், அமெரிக்காவில் அவ்வானூர்திக்கான பணியில் இருந்த இந்நாட்டுப் பொறியாளர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். கருவிகளும் அங்கேயே தடுத்துவைக்கப்பட்டன. பட்டும் பாடம் ஏறவில்லை. கோவைக்கு அருகில் சூலூரில் தேசசு அணிகள் இரண்டு அமைக்கப்பட்டன. 2021 பிப்பிரவரியில் மேம்பட்ட வகையில் 83 வானூர்திகளுக்கு ஆணை தரப்பட்டது. ஆகட்டில் அமெரிக்காவின் செனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் 99 பொறிகள் கேட்கப்பட்டன. முதற்பொறி வந்தது 2025 மார்ச்சில்! உடல் இங்கே கட்டி நிற்க, உயிர் கடல்கடந்து வரும்வரை வான்படை காத்திருந்தது. வெளிநாட்டுப் போட்டியில் தோற்றாலும் வென்றாலும் முடிவில் கையேந்தும் இடம் ஒன்றே என்பதனை இதைவிட எவர் எடுத்துரைக்கவல்லார்?

ஏனை நாடுகளையும் சற்றே காண்போர் உண்மை உணர்வர். ஒரு கோடி அளவு மக்களே வாழும் சுவீடன் தன் கிரிப்பனைத் தானே வடிவமைக்கிறது. ஆயினும் அதன் பொறி அமெரிக்க வழியினது. எனவே எவருக்கு விற்பதென்றாலும் அமெரிக்கா இசைவு தரல் வேண்டும். பிரான்சோ இரபேலின் உடலையும், கதுவீ எனப்படும் ராடாரையும், உந்துபொறியையும் தானே செய்கிறது. அதனால்தான் எவரையும் கேளாமல் எவருக்கும் விற்கிறது. விலையையும் தானே சொல்கிறது. 2025 ஏப்பிரலில் கடற்படைக்கென 26 இரபேல்களை ஏறத்தாழ 63,000 கோடி உருபாவுக்கு இந்திய அரசு வாங்கியது. அங்கே விலைசொன்னவன் நிமிர்ந்து நின்றான்.

பிரான்சின் பொறியாளன் பிரெஞ்சில் எண்ணுகிறான்; செருமானியன் செருமன் மொழியில் வரைபடத்திற்குக் குறிப்பெழுதுகிறான். இங்கோ, பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் கடைசல் பொறியில் நாளெல்லாம் நின்று மயிரிழை பிசகாமல் மாழை கடையும் தமிழ் வினைஞனுக்கு, தன் கை செய்வதன் அறிவியலைத் தன் மொழியில் கூற நூலில்லை. வானூர்தி, உந்துவிசை, சுழலி, அமுக்கி, எரியறை என்று சொற்கள் உள்ளன. அவை பட்டறைக்குள் புகவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் தமிழ்வழியில் தொடங்கப்பெற்ற பொறியியற் படிப்புகள் குடிசாரும் எந்திரவியலும் மட்டுமே. அதே பல்கலைக்கழகத்தோடு 1978-இல் இணைந்த குரோம்பேட்டைப் பயிலகத்து வானூர்தித் துறைக்கு அந்நல்லூழ் கிட்டவில்லை. மொழி மாறினால் மட்டும் பொறி பறந்துவிடும் என்று எவரும் கூறவில்லை. ஆனால் உலைக்களத்தில் நிற்பவனுக்கும் கணக்கிடுபவனுக்கும் இடையில் விளங்காத மொழி ஒன்று நிற்குமானால், ஒற்றைப் படிகம் வார்க்கும் கைப்பாங்கு அவ்விருவருள் எவரிடத்தும் வந்து தங்காது.

இனித் தாம்பரத்து வானத்திற்கு வருவோம். 1948-இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்று 1954-இல் இங்கு வந்த வானோட்டப் பயிற்றுநர் பள்ளி, ஏனையோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்கும் பள்ளி. அங்குப் பறக்கும் சிறிய பிலாட்டசு வானூர்தி சுவிட்சர்லாந்தினது. அதுவும் போட்டியில் வந்ததே. இந்நாட்டுப் பயிற்சி வானூர்தி ஒன்று 2009 சூலையில் வீழ்ந்து பயிற்றுநர் இருவர் இறந்தபின் அவ்வகை முழுவதும் தரையிறக்கப்பட்டது. அமெரிக்கரும் கொரியரும் போட்டியிட, 2012 மே திங்களில் 75 பிலாட்டசுகள் வாங்கப்பெற்றன. மூன்றாண்டில் முடிந்த அப்போட்டி, போர் வானூர்திப் போட்டியை நோக்க மின்னல் விரைவினது எனலாம்.

அந்தச் சுவிட்சர்லாந்தில் இன்னொரு நடைமுறை உண்டு. 2014 மே 18-இல், 22 கிரிப்பன் வாங்கலாமா என்று அந்நாட்டு மக்களையே வாக்களிக்கக் கேட்டனர், 53.4 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். அரசு வாங்காது நின்றது. 2020 செப்டம்பர் 27-இல் மீண்டும் கேட்டனர், 50.1 விழுக்காட்டினர் வாங்குக என்றனர். வேறுபாடு ஒன்பதாயிரம் வாக்குகளுக்கும் குறைவு! அதன்பிறகே அரசு வாங்க முற்பட்டது. இங்கே அறுபதாயிரம் கோடிக்கு ஒப்பந்தம் எழுதும்போது வாக்கெடுப்பு வேண்டா. நாடாளுமன்றத்தில் ஒரு முழுநாள் வினாவிடையாவது வேண்டாமா? விலையைக் கேட்டால் மறைவுறுதி என்கின்றனர். விலை மறைவாகவே இருக்கட்டும். பொறி பற்றிக் கேட்பதில் என்ன மறைவு?

கேட்கவேண்டிய காலம் இதுவே. பிலாட்டசுக்குத் துணையாக இந்துத்தான் வானூர்தி நிறுவனம் உருவாக்கிய எச்.டி.டி.-40 என்னும் பயிற்சி வானூர்தி 70-க்கு, 2023 மார்ச்சில் 6,800 கோடி உருபா அளவில் ஒப்பந்தமாயிற்று. மகிழத்தக்கதே, அதன் பொறியோ அமெரிக்காவின் அனிவெல் நிறுவனத்தது. அடுத்த தலைமுறைப் போர் வானூர்திக்கெனப் பிரான்சின் சாப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து உந்துபொறி உருவாக்கப்பெறும் என்று 2025 ஆகட்டில் படைத்துறை அமைச்சர் கூறினார். அதற்கு ஈராண்டு முன்னர், 2023 சூனில், தேசசின் அடுத்த வகைக்கான அமெரிக்கப் பொறியை இங்கேயே செய்வதென்று பேச்சு எழுந்தபோது, நுட்பத்தில் 80 விழுக்காடு தரப்படும் என்று செய்தி பரப்பினர்.

தமிழகத்தினின்று மக்களவைக்குச் செல்வோர் முப்பத்தொன்பதின்மர். அவருள் ஒருவரேனும் எழுந்து நின்று கேட்கட்டும்: அந்த எண்பதில் என்னென்ன அடங்கும்? எஞ்சிய இருபதில் ஒற்றைப் படிக இதழின் வார்ப்பு உண்டா, இல்லையா? சாப்ரானோடு எழுதும் ஒப்பந்தத்தில் அவ்வார்ப்பின் கைப்பாங்கு எந்த ஊரின் உலைக்களத்தில், எத்தனை பேருக்கு, எந்த ஆண்டுக்குள் கற்பிக்கப்பெறும் என்று எழுதப்பட்டுள்ளதா?